ஈரத் தரையில் நாலு கோடுகள்

"என்னைக் கண்டுபிடிச்சுக் குடுங்கம்மா" என்றார் மெக்கானிக்.

கொழுந்தன் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தான். "ஏன், காணாமப் போயிட்டீங்களா?"

"இல்ல தம்பி. தப்புப் பண்ணிட்டேன். என்ன தப்புன்னுதான் புரியல. அதை அம்மா கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

துப்புக் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் அடுத்தவனைத்தான் பிடித்துத் தரச் சொல்வார்கள். தன்னையே பிடித்துத் தரச் சொல்லி ஒரு மனுஷன் படியேறி வந்தது அந்த அறைக்கு அதுதான் முதல் தடவை.

அந்த அறையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன் கண்ணுகளா. முன்பு அது ஒரு டிரைவிங் ஸ்கூல். சுவரில் இன்னும் சாலைக் குறிகளின் படம் தொங்கும். அதை நடத்தியவள்தான் நம் அண்ணி. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உட்கார்ந்து, அடுத்தவர் கையிலிருக்கும் ஸ்டியரிங்கைத் தன் முதுகாலேயே படிக்கப் பழகியவள். பள்ளியை மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஓரமாக உட்கார்ந்து கவனிக்கிறவளிடம் உலகம் எதை ஒளிக்க முடியும்? மெல்ல மெல்லத் துப்பறிவதே வேலையாகிவிட்டது. உதவிக்குக் கணவரின் தம்பி. அவன் 'அண்ணி' என்று கூப்பிடப் போய், தெருவே அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

"உக்காருங்க" என்றாள் அண்ணி. "முதல்ல இருந்து சொல்லுங்க."

மெக்கானிக் உட்காரவில்லை. பேன்ட்டில் கிரீஸ் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு நின்றபடியே சொன்னார்.

லாட்ஜுகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் சலவைக்கடை ஒன்று. அவர்களிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. கடைக்காரரின் மச்சினன், அதாவது அவர் மனைவியின் தம்பி, அதை ஓட்டுகிறான். துவைத்த துணியை ஏற்றி ஊரோரம் இருக்கும் காயப்போடும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போன வாரம் அக்காவும் தம்பியும் அப்படிப் போகும்போது, இறக்கத்து வளைவில் வண்டி சுவரில் மோதிவிட்டது. தம்பிக்குக் கீறல்கூட இல்லை. அக்காவுக்கு வலது மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. இஸ்திரி போடுகிற கை.

"அவன் தூங்கிட்டான்னு சொல்றாங்க. அவனும் ஆமாங்கிறான். ஆனா அதுக்கு முன்னாடி டை ராட் எண்ட் மாத்தினது நான்தாம்மா. ஸ்டியரிங்கையும் முன் சக்கரத்தையும் சேர்க்கிற மூட்டு அது. ஒழுங்கா முடுக்காம விட்டுட்டேனோன்னு..."

"வண்டியைப் பாத்தீங்களா?"

"திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். மூட்டு சரியா இருக்கு. ஸ்டியரிங் பாக்ஸ் சரியா இருக்கு. பிரேக், டயர்ல காத்து, எல்லாமே சரியா இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

"எல்லாம் சரியா இருக்குன்னு பயப்படுற மெக்கானிக்கை இப்பத்தான் பாக்கிறேன் அண்ணி" என்றான் கொழுந்தன். "நம்ம ஸ்கூட்டரைப் பாக்கிறவர் ஏதாவது ஒடைஞ்சிருந்தாத்தான் சிரிக்கவே செய்வார்."

மெக்கானிக் சிரிக்கவில்லை. "அந்தப் பையன் இன்னிக்குச் சாயங்காலம் பஸ் ஏறுறான். எங்கயோ தூரத்துல மூட்டை தூக்குற வேலையாம். லைசென்ஸை மாமா கையில குடுத்துட்டான். இனி ஜென்மத்துக்கும் ஸ்டியரிங்கைத் தொட மாட்டானாம். அம்மா அப்பா இல்லாத பையன், அக்காதான் வளர்த்தா. அக்கா கையை ஒடிச்சுட்டோமேன்னு செத்துச் செத்துப் பிழைக்கிறான். தப்பு என்னோடதா இருந்தா, அவன் எதுக்கும்மா போகணும்?"

அண்ணி செருப்பை மாட்டினாள். "குற்றவாளியே கிடைக்காத கேஸ் பாத்திருக்கேன். 'நான்தான், நான்தான்'னு ரெண்டு பேர் வரிசையில நிக்கிற கேஸ் இதுதான். ஸ்கூட்டரை எடு தம்பி."

*

வளைவில் சுவர் காரை பெயர்ந்து நின்றது. எதிரே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி தேடிக்கொண்டே பேசினார்.

"கண்ணால பாத்தேனே. சைக்கிள்காரர் ஒருத்தர் குறுக்க வந்தாரு. பிக்கப்காரன் பிரேக் மிதிச்சான். அவ்வளவுதான், மூக்கணாங்கயிறைப் பிடிச்சு இழுத்த மாடு மாதிரி வண்டி இடது பக்கம் பாய்ஞ்சுது. ஹாரனைக் கையெடுக்காம அடிச்சுக்கிட்டே போய் மோதினான்."

"முதல்ல பிரேக், அப்புறம் ஹாரனா?"

"ஆமா. ஹாரன் சத்தத்துலதான் சைக்கிள்காரர் குதிச்சுத் தப்பிச்சாரு."

திரும்பி ஸ்கூட்டரில் ஏறும்போது கொழுந்தன் கேட்டான். "தூங்கிக்கிட்டே ஹாரன் அடிக்கிற ஆள் உண்டா அண்ணி? எங்க அண்ணன் குறட்டை மட்டும்தான் அடிப்பான்."

"அதுவும் ஏறக்குறைய ஹாரன்தான்" என்றாள் அண்ணி. "ஓட்டு."

*

சலவைக்கடையின் முற்றம் எப்போதும் ஈரம். தொட்டிகளிலிருந்து வழியும் சோப்புத் தண்ணீர் சிமெண்டுத் தரையின் நடுவே ஓடி வாசல் பக்கச் சாக்கடைக்குப் போகும். ஓரத்தில் பிக்கப் நின்றிருந்தது, பக்கத்தில் அவர்களுக்கு முன்பே வந்துவிட்ட மெக்கானிக். இடது பக்க முகப்பு விளக்கு இல்லை, பம்பர் உள்ளே மடிந்திருந்தது. ஒற்றைக் கண்ணோடு நிற்கும் அதைப் பார்த்தால் பாவமாக இருந்தது.

கடைக்காரர் விரிப்புகளை மூன்றாக மடித்து உருட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். பழக்கமில்லாத கை. அடுக்கு சரிந்துகொண்டே இருந்தது.

"கண்டுபிடிக்க இதுல என்னம்மா இருக்கு? தூங்கினான், இடிச்சான். பக்கத்துல இருந்தவளே ஆமான்னுட்டா." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவனைப் போன்னு நான் சொல்லல. இருன்னும் சொல்லல."

அலமாரியில் வேறொரு அடுக்கு இருந்தது. விரிப்புகள் நாலாக மடிக்கப்பட்டு, ஓரம் உள்ளே செருகப்பட்டு, செங்கல் சுவர் மாதிரி நேராக நின்றன.

"இது யார் மடிச்சது?" அண்ணி கேட்டாள்.

"அவதான். கை ஒடியறதுக்கு முன்னாடி மடிச்சது. அவ மடிச்சதைப் பிரிக்கவே மனசு வராது."

தம்பி முற்றத்துக் கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தான். நல்ல உயரம். தோளில் பை. கண்கள் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. அண்ணி ஒரு முக்காலியைக் காட்டினாள். அவன் உட்கார மாட்டேன் என்று தலையசைத்தான்.

"தூங்கிட்டியா அன்னிக்கு?"

"தூங்கிட்டேங்க."

"சைக்கிள்ல வந்தவர் என்ன கொண்டு போனாரு?"

"பிளாஸ்டிக் பக்கெட். சிவப்பு. ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கிக் கட்டியிருந்தாரு."

"பிரேக் மிதிச்சியா?"

"மிதிச்சேன்."

"ஹாரன்?"

"அடிச்சேன்."

"ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினே?"

"வலது பக்கம். முழுசாத் திருப்பினேன். வண்டி வரல."

"அப்ப எப்படா தூங்கினே?"

அவன் விழித்தான். எல்லாக் கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டு விடையைத் தப்பாக எழுதிய பிள்ளை மாதிரி இருந்தது அந்த முகம்.

"நடுவுல எங்கயாவது... ஒரு நொடி கண் அசந்திருக்கும்ல? அக்கா பக்கத்துல இருந்து பாத்தாளே. அக்கா சொன்னா அப்படித்தான் இருக்கும்."

கொழுந்தன் முக்காலியை அவன் பக்கத்தில் நகர்த்திப் போட்டான். அவனுக்கே வேடிக்கைப் பேச்சு வராத இடம் உண்டு.

"அதுக்கப்புறம் தூங்கினியாப்பா?" அண்ணி குரலைக் குறைத்துக் கேட்டாள்.

"பயமா இருக்குங்க. உக்காந்தா கண் அசந்துடுமோன்னு நின்னுக்கிட்டே இருக்கேன்."

*

"நீ ஓட்டு" என்று கொழுந்தனிடம் சொல்லிவிட்டு அண்ணி பக்கத்து இருக்கையில் ஏறினாள். அவளுடைய சிம்மாசனம் அது.

கொழுந்தன் உட்கார்ந்ததும் நெளிந்தான். "முதுகுல என்னமோ தட்டுது." இருக்கைக்குப் பின்னால் கையைவிட்டு, தட்டையாக மடித்த விரிப்பு ஒன்றை உருவி அண்ணியின் மடியில் போட்டான். நாலு மடிப்பு, ஓரம் உள்ளே செருகியது. அண்ணி அதைப் பார்த்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டாள். நீங்களும் இப்போதைக்கு அதை அவள் மடியிலேயே விட்டுவையுங்கள்.

வண்டி முற்றத்தில் மெதுவாக நகர்ந்தது. மெக்கானிக் பக்கத்திலேயே நடந்து வந்தார், நோயாளியோடு வருகிற சொந்தக்காரர் மாதிரி.

"ஸ்டியரிங்ல ஆட்டம் இருக்கா தம்பி?"

"இல்ல அண்ணி. கெட்டியா இருக்கு."

"ஆட்டம் இல்லேன்னா மூட்டுல கோளாறு இல்ல. நடுக்கம்?"

"அதுவும் இல்ல."

"அப்ப சக்கரத்துலயும் இல்ல. பின்ன என்னதான் இருக்கு?"

"ஸ்டியரிங்கை வலது பக்கம் திருப்பிப் பிடிச்சாத்தான் வண்டி நேரா போகுது. நேரா விட்டா இடது பக்கம் போகுது. எங்க அண்ணன் மாதிரியே. கடைக்குப் போன்னா பிரெண்டு வீட்டுக்குப் போவான்."

மெக்கானிக் தலையில் கை வைத்தார். "பாத்தீங்களா? முன் சக்கரம் கோணியிருக்கு. நான் தொட்ட இடம்தான். நான்தான் சொன்னேனே."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி சோப்புத் தண்ணீரைத் தாண்டிக் காய்ந்த தரைக்கு ஏறியது. அவள் முதுகு எதையோ கேட்டது. முன்னால் இல்லை. இடுப்புக்குக் கீழே, பின்னாலிருந்து, யாரோ நாற்காலியைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளுகிற மாதிரி ஓர் உணர்வு.

"நிறுத்து. எல்லாரும் இங்க வாங்க. தரையைப் பாருங்க."

காய்ந்த சிமெண்டில் ஈரக் கோடுகள் பளபளத்தன.

"எத்தனை கோடு?"

"நாலு" என்றார் கடைக்காரர். "நாலு சக்கரம், நாலு கோடு."

"நேரா போற வண்டிக்கு ரெண்டு கோடுதாங்க இருக்கணும். முன் சக்கரம் போட்ட கோட்டிலேயே பின் சக்கரமும் வரும். தெனமும் இந்த முற்றத்தைக் கழுவுறீங்களே, முன்னாடி எத்தனை பாத்திருக்கீங்க?"

கடைக்காரர் யோசித்தார். "ரெண்டுதான்."

நாலில் பின் சக்கரத்துக் கோடுகள் இரண்டும் வலது பக்கமாகவே ஒதுங்கியிருந்தன. வண்டி மூக்கை ஒரு பக்கமும் வாலை ஒரு பக்கமும் வைத்து நண்டு மாதிரி நடந்திருக்கிறது.

"இடிச்சதுல சட்டம் கோணியிருக்கும்மா" என்றார் மெக்கானிக் விடாமல்.

"சுவர் இடிச்சது முன்னால, இடது பக்கம். பின்னால வலது பக்கத்தைச் சுவர் தொடவே இல்லையே? அங்க போய்ப் படுத்துப் பாருங்க."

மெக்கானிக் டார்ச்சோடு ஈரத் தரையில் முதுகைப் போட்டு உள்ளே நகர்ந்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு நட்டு சுற்றுகிற கரகர சத்தம். ஸ்பேனர் இல்லாமல், விரலாலேயே.

அவர் வெளியே வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது.

"யூ போல்ட்டெல்லாம் லூஸு. சென்டர் போல்ட் ஒடிஞ்சு போச்சு. வலது பக்கம் அச்சு ரெண்டு விரக்கடை பின்னால நகர்ந்திருக்கு."

"எனக்குப் புரியற பாஷையில சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"பின் சக்கரத்து மேல ஸ்பிரிங் பிளேட்டுங்க அடுக்கா இருக்குல்ல? அந்த அடுக்கை அச்சோட சேத்துக் கட்டுறது யூ போல்ட். நகராம நடுவுல குத்தி நிக்கிற ஆணி மாதிரி இருக்கிறது சென்டர் போல்ட். கட்டு தளர்ந்தா எல்லா பாரமும் அந்த ஆணி மேல விழுந்து அது ஒடிஞ்சிடும். அப்ப பிரேக் மிதிச்சா அச்சு ஒரு பக்கம் மட்டும் பின்னால நழுவும். முன் சக்கரத்தை நீங்க எந்தப் பக்கம் வேணா திருப்புங்க, வண்டியைத் திருப்பறது பின் சக்கரம்." அவர் தம்பியைப் பார்த்தார். "எந்த டிரைவராலயும் பிடிச்சிருக்க முடியாது."

தம்பி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் அவன் முகத்தில் அது ஏறவில்லை.

"முன்னால மட்டும்தாம்மா படுத்துப் பாத்தேன்" என்றார் மெக்கானிக். "என் கை பட்ட இடத்தையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க" என்றாள் அண்ணி. "குற்றமில்லாத நெஞ்சு அதைவிட அதிகமாக் குறுகுறுக்கும் போல. சரி, கட்டு எப்படித் தளர்ந்துச்சு?"

"பிளேட் எல்லாம் துரு. ஒண்ணு மட்டும் புதுசு, பெயிண்ட்கூட உரியல. பாரம் தாங்கறதுக்காக யாரோ ஒரு பிளேட் கூட்டியிருக்காங்க. நான் செய்யல."

"பாரம் கூடுச்சா?"

கடைக்காரர் கீழே பார்த்தார். "துணி பிழியற மெஷின் கெட்டுப் போச்சு. ஈரத்தோடவே ஏத்தச் சொன்னேன்."

"புது பிளேட் போட்டா ஒரு லோடு ஓட்டிட்டுத் திரும்ப வந்து முடுக்கணும்மா" என்றார் மெக்கானிக். "பாரம் ஏறினதும் பிளேட்டுங்க படியும், கட்டு தளரும். எந்தப் பட்டறையிலயும் அதைச் சொல்லித்தான் அனுப்புவாங்க."

"அப்படின்னா யார் காதுலயோ அது விழுந்திருக்கு" என்றாள் அண்ணி. "யார் போட்டது?"

கடைக்காரர் தெரியாது என்று தலையசைத்தார். தம்பியும் தலையசைத்தான்.

"இவ்வளவு நேரம் 'நான்தான், நான்தான்'னு முட்டி மோதினீங்க" என்றான் கொழுந்தன். "இப்ப ஒருத்தரையும் காணோமே?"

அண்ணி கையில் அந்த மடித்த விரிப்பு இருந்தது. தம்பி வண்டிக் கதவருகே குனிந்து நிற்பதை அவள் பார்த்தாள். அவ்வளவு உயரமானவனுக்கு முதுகுக்கு முட்டு வைத்தால் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். இது குள்ளமானவர்கள் வைத்துக்கொள்வது. அப்போதுதான் கால் பெடலுக்கு எட்டும். அதைக் கற்றுக்கொடுத்தது யார்? அந்தக் குரல் அவளுக்கு நன்றாகத் தெரியும். எத்தனையோ பெண்களிடம் அதே வார்த்தையில் சொன்ன குரல். 'பயப்படாதேம்மா, துணியை நாலா மடிச்சு முதுகுக்கு வெச்சுக்கோ.'

அண்ணி விரிப்பின் செருகிய ஓரத்தை விரலால் அழுத்தினாள். தான் சொல்லிக்கொடுத்த நல்லது, இன்று தடயமாகத் தன் கையிலேயே உட்கார்ந்திருக்கிறது.

*

இஸ்திரி அறையில் அக்கா முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். சின்ன உருவம், கால் தரையில் பாதிதான் பதிந்தது. வலது கை மாவுக்கட்டில். இடது கையால் ஒரு தலையணை உறையை மடித்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி விரிப்பை அவள் மடியில் வைத்தாள். கொழுந்தன் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"நல்லா ஓட்டுவியாம்மா?"

அக்கா விரிப்பின் ஓரத்தைத் தடவினாள். "நீங்கதான் கத்துக் குடுத்தீங்க. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. கல்யாணத்துக்கு முன்னாடி. இவர்கிட்ட சொல்றதுக்கு வேளையே வரல."

"பட்டறைக்கு நீதான் கொண்டு போனியா?"

"அன்னிக்கு மத்தியானம் அவன் துணி மூட்டை மேலேயே அசந்து தூங்கிட்டான். விடிஞ்சதுல இருந்து லோடு அடிச்சிருந்தான். வண்டி பின்பக்கம் தரையில தட்டுதுக்கா, ஒரு பிளேட் கூட்டணும்னு சொல்லிக்கிட்டே இருப்பான். எழுப்ப மனசு வரல. சாவியை எடுத்துக்கிட்டு நானே போயிட்டேன். எழுந்து பாத்துட்டு சந்தோஷப்படுவான்னு."

"திரும்ப வரச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க." அவள் குரல் இறங்கியது. "ஒரு லோடு ஓட்டிட்டுக் கட்டாயம் வாம்மான்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னாரு. அவன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். அப்ப இவர் பக்கத்துல இருந்தாரு. அப்புறம் லோடு மேல லோடு. மறந்தே போச்சு."

"வண்டி இழுத்தப்ப?"

"'அக்கா, வண்டி என் பேச்சைக் கேக்கல, புடிச்சுக்கோ'ன்னு கத்தினான். அப்பவே தெரிஞ்சு போச்சுங்க. சுவர் வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏம்மா?"

"ஆஸ்பத்திரியில இவர் ஓடி வந்து, 'தூங்கிட்டானா?'ன்னு கேட்டாரு. நான் தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினேன். அவன் கட்டில் பக்கத்துலயே நின்னான். இல்ல மாமான்னு சொல்லுவான், நான் உண்மையைச் சொல்லிடலாம்னு பாத்தேன். அவன் என் மூஞ்சியைப் பாத்தான். பாத்துட்டு, 'ஆமா மாமா'ன்னுட்டான்."

இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொல்றான்னு நினைச்சேன். அதுகூடப் பரவாயில்ல. நேத்து ராத்திரி அவன் உக்காராம நின்னுக்கிட்டே இருந்ததைப் பாத்துத்தான் புரிஞ்சுது, அவன் நம்பிட்டான். அவனையே அவன் நம்பல. என்னை நம்பிட்டான்."

குற்றவாளியைக் கண்டுபிடித்தால் கை தட்டத் தோன்றும் என்பார்கள். அண்ணிக்கு அந்தத் தலையணை உறையை எடுத்து மடித்துக் கொடுக்கத்தான் தோன்றியது. மடித்துக் கொடுத்தாள்.

"நான் போய்ச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க." அக்கா முக்காலியிலிருந்து இறங்கினாள். "நீங்க சொன்னா அவன் நம்ப மாட்டான்."

*

முற்றத்தில் வெயில் சாய்ந்திருந்தது. தம்பி பையின் வாரைச் சரி செய்துகொண்டிருந்தான்.

"டேய்" என்றாள் அக்கா. "நீ தூங்கல."

சொல்லிவிட்டு, நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாவி, பட்டறை, வாசல் வரை வந்து சொன்ன பட்டறைக்காரர், ஆஸ்பத்திரியில் ஆட்டிய தலை. கணவர் பக்கம் திரும்பி, "எனக்கு ஓட்டத் தெரியுங்க" என்றாள் கடைசியாக, அதுவும் ஒரு குற்றம் மாதிரி.

கடைக்காரர் வாய் அசைந்தது. கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். "தூங்கிட்டானான்னு கேட்டது நான்தானே" என்றார். "என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கலாம்."

"நான் பின்பக்கமும் ஒரு தடவை பாத்திருக்கணும்" என்றார் மெக்கானிக்.

"வரிசை நீண்டுக்கிட்டே போகுது அண்ணி" என்று கொழுந்தன் முணுமுணுத்தான். அண்ணி அவன் கையைக் கிள்ளினாள்.

தம்பி அக்காவை மட்டும் பார்த்தான்.

"நான் தூங்கலையா?"

"இல்லடா."

"ஒரு நொடிகூடவா?"

"ஒரு நொடிகூட இல்ல. கண்ணை முழுசாத் திறந்து வெச்சிருந்தே. அந்த நேரத்துலயும் எனக்காகத்தான் 'புடிச்சுக்கோ'ன்னு கத்தினே."

அவன் திட்டவில்லை. அழவில்லை. பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. பக்கத்திலிருந்த காய்ந்த துணி மூட்டை மேல் உட்கார்ந்தான். அத்தனை நாளில் முதல் தடவை உட்கார்ந்தான். "ஏன்க்கா..." என்று ஏதோ கேட்க ஆரம்பித்தான். கேள்வி முடியவில்லை. தலை மூட்டையில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்தது. தூங்கிவிட்டான்.

தூரத்தில் சாலையில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கடைக்காரர் அவசரமாக ஓர் அடி எடுத்து வைத்தார்.

"எழுப்பாதீங்க" என்றாள் அக்கா.

அவர் நின்றார். சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறி, குனிந்து, மச்சினன் சட்டைப் பையில் மெல்லச் செருகினார். மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியைத் திறக்கப் போய், சத்தத்துக்குப் பயந்து மூடினார்.

அக்கா ஓர் உலர்ந்த விரிப்பை இடது கையாலேயே உதறி அவன் மேல் போர்த்தினாள். கோணலாகத்தான் விழுந்தது. இழுத்து இழுத்துச் சரி செய்தாள்.

கொழுந்தன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யப் போனான். அண்ணி அவன் கையைப் பிடித்தாள். "தெருமுனை வரைக்கும் தள்ளு."

இரண்டு பேரும் சோப்புத் தண்ணீரைத் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். கொழுந்தன் திரும்பிப் பார்த்தான்.

"அவன் எழுந்தா என்ன சொல்வான் அண்ணி?"

"தெரியல தம்பி."

"அந்தக்கா ஏன் இன்னும் நிக்கிறாங்க? முக்காலி பக்கத்துலயேதானே இருக்கு."

அண்ணியும் திரும்பிப் பார்த்தாள். அக்கா தம்பியின் தலைமாட்டில், ஒடிந்த கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள். அவன் எழுந்து கேட்கப் போகும் அந்தப் பாதிக் கேள்விக்காக, உட்காராமல்.